உடன்படிக்கையில் விடுபட்ட பெயர்கள்

ஹிஜ்ரி 37ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தில் (கி.பி. 657) யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஸிஃப்பீனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. எழுத்தர் 'அமீருல் முஃமினீன் அலீ' என்று தொடங்கியதும் ஷாம் தரப்பில் வந்திருந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) இடைமறித்தார். அவர் உங்களுக்குத்தான் அமீர், எங்களுக்கல்ல. அவருடைய பெயரையும் தந்தையின் பெயரையும் மட்டும் எழுதுங்கள் என்பது அவர் கோரிக்கை. அலீ (ரலி) அவர்களின் அணியிலிருந்த அஹ்னஃப் இப்னு கைஸ், அந்தப் பட்டத்தை அழிக்க இணங்க வேண்டாம், ஒருமுறை அழித்தால் அது திரும்ப வராதோ என அஞ்சுகிறேன் என்று எச்சரித்தார். அஷ்அஸ் இப்னு கைஸோ அழித்துவிடுமாறு வற்புறுத்தினார். பகலின் பெரும்பொழுது இந்த ஒரு சொல்லின் மீதே கழிந்ததாகத் தபரீயின் வரலாற்று நூலிலிருந்து அறிகிறோம். இறுதியில் அந்தச் சொல் அழிக்கப்பட்டது.

அழிப்பதற்கு அலீ (ரலி) அவர்கள் ஒரு முன்மாதிரியை நினைவுகூர்ந்தார்கள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், குறைஷியரின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொற்களை ஏற்க மறுத்தபோது, உடன்படிக்கையை எழுதிக்கொண்டிருந்தவர் இதே அலீ (ரலி) அவர்கள்தாம். அன்று தம் கையால் அதை அழிக்க மாட்டேன் என்று மறுத்தவரும் அவரே. நபி (ஸல்) அவர்கள் தாமே அழித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, அழிக்க மறுத்த அந்த எழுத்தரின் பட்டமே அழிபடும் நிலை வந்தது.

இந்த அழிப்பையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டம் பிரிந்து சென்றது. இஸ்லாமிய வரலாற்றில் சமயக் கொள்கையை முன்னிறுத்தி ஆயுதமேந்திய முதல் இயக்கம் அது. அத்தகைய இயக்கத்தோடு பேசித் தீர்க்க இயலுமா என்ற கேள்வி நம் காலத்தில் மீண்டும் மீண்டும் எழுகிறது. இறைவனின் பெயரால் வாள் எடுத்தவனிடம் விட்டுக்கொடுப்புக்கு இடமேது என்று ஒரு சாரார் கேட்கின்றனர். மேசையில் அமர்ந்தால் தீராதது எதுவுமில்லை என்கின்றனர் மறுசாரார். இரு தரப்பாருமே கவாரிஜ்களைத் தங்களுக்குச் சாட்சியாக அழைப்பதைக் கண்டிருக்கிறோம். அந்தச் சாட்சியம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை மூலநூல்களின் துணையோடு பார்க்க முற்படுகிறோம்.

ஸிஃப்பீனிலிருந்து கூஃபாவுக்குத் திரும்பும் வழியிலேயே படை இரண்டுபட்டது. 'லா ஹுக்ம இல்லா லில்லாஹ்', தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்ற முழக்கம் எழுந்தது. முழக்கமிட்டவர்கள் ஊருக்குள் நுழையாமல் கூஃபாவுக்கு அருகே ஹரூரா என்ற சிற்றூரில் பாளையமிறங்கினர். அவர்கள் எத்தனை பேர்? தபரீயில் பன்னிரண்டாயிரம், முஸ்னத் அஹ்மதில் எட்டாயிரம், இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில் ஆறாயிரம். எண்ணிக்கை எதுவாயினும் அவர்கள் அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்கள் அல்லர். குர்ஆனை மனனமிட்டு இரவெல்லாம் நின்று தொழுதவர்கள். வேதத்தைத் தீர்ப்பாளராக ஏற்குமாறு தொடக்கத்தில் அலீ (ரலி) அவர்களை நெருக்கியவர்களில் சிலரும் அவர்களிடையே இருந்தனர் என்பது வரலாற்றின் கசப்பான முரண்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தப் பாளையத்துக்குச் சென்ற செய்தியை நம் வாசகர்கள் ஜும்ஆ மேடைகளிலும் மதரஸா வகுப்புகளிலும் பலமுறை கேட்டிருப்பர். அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபிலும் நஸாயீயின் நூலிலும் ஹாகிமின் முஸ்தத்ரக்கிலும் அது பதிவாகியிருக்கிறது. யமன் நாட்டின் உயர்ந்த ஆடை ஒன்றை அணிந்து அவர் சென்றார். அவர்களோ இரவுத் தொழுகையால் மெலிந்து, நெற்றியில் ஸஜ்தாவின் காய்ப்பேறி, வெளுத்துத் தேய்ந்த உடைகளோடு இருந்தனர். முதல் தர்க்கமே ஆடையைப் பற்றியதுதான். அல்லாஹ் தன் அடியாருக்கு அளித்த அழகை விலக்கியவர் யார் என்று கேட்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தைக் கொண்டு அவர் பதிலளித்தார்.

அவர்களின் குற்றச்சாட்டுகள் மூன்று. அல்லாஹ்வின் காரியத்தில் மனிதர்களைத் தீர்ப்பாளராக்கினார் என்பது முதலாவது. ஜமல் போரில் எதிரிகளோடு போரிட்டும் கைதிகளையோ பொருள்களையோ எடுக்கவில்லை. எதிரிகள் நம்பிக்கையாளர்கள் எனில் போர் ஆகாது, நம்பிக்கையற்றவர்கள் எனில் கைதிகள் ஆகுமே என்பது இரண்டாவது. அமீருல் முஃமினீன் என்ற பட்டத்தை அழித்தார் என்பது மூன்றாவது. இஹ்ராம் நிலையில் வேட்டைப்பிராணியைக் கொன்றால் ஈடு எது என்று நீதமுள்ள இருவர் தீர்ப்பளிப்பதையும் (அல்மாயிதா: 95), கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் வருவதையும் (அந்நிஸா: 35) எடுத்துக்காட்டினார் இப்னு அப்பாஸ் (ரலி). ஒரு முயலின் விலையிலும் ஒரு தம்பதியின் பிணக்கிலும் மனிதர் தீர்ப்பளிக்கலாமெனில், மக்களின் உயிரைக் காக்கத் தீர்ப்பளிப்பது எவ்வாறு தவறாகும்? ஜமல் போர்க் கைதிகளைப் பற்றி அவர் கேட்டது இன்னும் கூர்மையானது. உங்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அடிமையாகப் பிடிக்க விரும்புகிறீர்களா? பட்டத்தை அழித்ததற்கு ஹுதைபிய்யாவே விடையாயிற்று. இரண்டாயிரம் பேர் திரும்பி வந்தனர் என்கிறது அந்த அறிவிப்பு.

மேடைகளில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. வாதத்தில் வெற்றி; எனவே பேச்சுவார்த்தையும் வெற்றி. ஆனால் அதே அறிவிப்பின்படி மூவரில் இருவர் திரும்பவில்லை. விடைகள் யாவும் குர்ஆனிலிருந்தே வந்தன, கேட்டவர்களும் குர்ஆனை அறிந்தவர்கள், ஆயினும் திரும்பவில்லை. நஹ்ஜுல் பலாகா தொகுப்பிலுள்ள ஒரு சிறு மடல் இவ்விடத்தில் கருதத்தக்கது. அவர்களோடு குர்ஆனைக் கொண்டு வாதிட வேண்டாம், அது பல முகங்களைத் தாங்கக்கூடியது, நீர் ஒன்று சொல்ல அவர்கள் ஒன்று சொல்வர், ஸுன்னாவைக் கொண்டு வாதிடுவீராக என்று அலீ (ரலி) அவர்கள் இப்னு அப்பாஸுக்கு அறிவுறுத்தியதாக அது கூறுகிறது. இரு செய்திகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. எனினும் அழிப்புப் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஹுதைபிய்யாவே தீர்வானதைப் பார்க்கையில், அந்த மடலின் கருத்து அனுபவத்திலிருந்து பிறந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

முஸ்னத் அஹ்மதில் இன்னொரு காட்சி உண்டு. குர்ஆன் அறிந்தோரை வீட்டுக்கு வரவழைத்த அலீ (ரலி) அவர்கள், பெரியதொரு முஸ்ஹஃபைக் கொண்டுவரச் செய்து முன்னால் வைத்தார்கள். கையால் அதைத் தட்டி, முஸ்ஹஃபே, மக்களிடம் பேசு என்றார்கள். இது தாளில் பதிந்த மை அல்லவா, இதனிடம் என்ன கேட்கிறீர் என்று வந்தவர்கள் வியந்தனர். வேதம் தானாகப் பேசாது, அதைப் பேசவைப்பவர்கள் மனிதர்களே என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

பின்னர் கலீஃபா தாமே ஹரூராவுக்குச் சென்றார்கள். அங்கு என்ன பேசப்பட்டது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிரிந்தவர்கள் அவரோடு கூஃபாவுக்குத் திரும்பினர், இதில் ஐயமில்லை. ஆனால் எந்த நிபந்தனையின் பேரில் திரும்பினர்? தீர்ப்பாளரை ஏற்றது பாவமென ஒப்புக்கொண்டு கலீஃபா தவ்பா செய்தார், ஆறு மாதம் பொறுத்திருப்போம், வரி வசூலாகட்டும், குதிரைகள் கொழுக்கட்டும், பிறகு எதிரியை நோக்கிப் புறப்படுவோம் என்றார் எனக் கவாரிஜ்கள் சொல்லிக்கொண்டனர். இதைப் பதிவு செய்த கையோடு, அவர்கள் சொல்லை நாம் ஏற்பதில்லை, அவர்கள் பொய்யுரைத்தனர் என்ற மறுப்பும் தபரீயில் இணைந்து வருகிறது. நாமும் அவர்களின் கூற்றை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தில் இல்லாத ஓர் இணக்கத்தை இரு தரப்பும் இரு வகையாகப் புரிந்துகொண்டன. தீர்ப்பாளர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களை அனுப்பும் நாள் வந்தபோது அந்த மயக்கம் உடைந்தது. திரும்பி வந்தவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகக் கருதினர். ஸிஃப்பீனில் ஒரு சொல்லுக்காகப் பகல் முழுதும் வழக்காடியவர்கள், ஹரூராவில் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை.

அதன்பின் கூஃபாவின் பள்ளிவாசலில் கலீஃபா உரையாற்றும்போதெல்லாம் மூலைக்கொருவராக எழுந்து முழக்கமிட்டனர். சொல் உண்மையானது, அதைக் கொண்டு நாடப்படுவதோ பொய்யானது என்று அவர் மறுமொழி கூறியது பரவலாக அறியப்பட்டதே. அதைவிட முக்கியமானது, அதைத் தொடர்ந்து அவர் அறிவித்த மூன்று உரிமைகள். அல்லாஹ்வின் பள்ளிவாசல்களில் அவர்கள் தொழுவதைத் தடுக்க மாட்டோம். எங்களோடு கைகோத்திருக்கும் வரை பொதுநிதியில் அவர்களுக்குரிய பங்கை மறுக்க மாட்டோம். அவர்கள் போரைத் தொடங்காத வரை நாங்கள் தொடங்க மாட்டோம். இம்மூன்றும் பின்னாளில் கிளர்ச்சியாளர் பற்றிய ஃபிக்ஹ் சட்டத்துக்கு அடித்தளமாயின. இமாம் ஷாஃபிஈயின் உம்மு, ஸரக்ஸீயின் மப்ஸூத், மாவர்தீயின் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா ஆகிய நூல்கள் அனைத்தும் இதை எடுத்தாள்கின்றன. கொள்கைக்காக யாரையும் தண்டிப்பதில்லை, செயலுக்காக மட்டுமே தண்டனை என்ற எல்லைக்கோட்டை ஏழாம் நூற்றாண்டிலேயே, அதுவும் தம்மைக் காஃபிர் என்று ஏசியவர்களுக்காக, ஓர் ஆட்சியாளர் வரைந்திருக்கிறார்.

அந்தக் கோட்டைக் கடந்தவர்கள் அவர்கள். அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் அர்ராஸிபீயைத் தலைவராகத் தேர்ந்துகொண்டு நஹ்ரவானில் கூடினர். அப்போதும் அலீ (ரலி) அவர்கள் ஷாமை நோக்கித்தான் புறப்பட ஆயத்தமானார். இவர்களையும் உடன்வருமாறு கடிதம் எழுதினார். காஃபிராகிவிட்டேன் என்று முதலில் சாட்சியம் கூறி, தவ்பா செய், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. இதற்கிடையே நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் வழியில் அகப்பட்டார். அலீயைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டனர். அவர் நல்லதே சொன்னார். அவரையும், கருவுற்றிருந்த அவர் துணைவியையும் கொன்றனர். அதே பயணத்தில், மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயிலிட்டவனை விலை கொடுக்காமல் உண்ணலாகாது என்று துப்பவைத்தவர்களும், முஸ்லிமல்லாத ஒருவரின் பன்றியைக் கொன்றதற்கு உரியவரைத் தேடிச் சமாதானம் செய்தவர்களும் அவர்களே. இந்தப் பேணுதலும் அந்தக் கொலையும் ஒரே உள்ளத்தில் எப்படி இடம்பெற்றன என்பதற்கு உளவியலார் ஏதேனும் பெயர் வைத்திருக்கக்கூடும். தனக்கு அந்நியரானவரிடம் நீதியும், தன் சமூகத்துக்குள் மாற்றுக்கருத்துடையவரிடம் கொடுமையும் என்பதே அவர்களின் முறையாக இருந்தது.

விசாரிக்க அனுப்பப்பட்ட ஹாரிஸ் இப்னு முர்ராவையும் கொன்றனர். தூதரைக் கொன்ற பிறகும், கொலையாளிகளை மட்டும் ஒப்படையுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம் என்ற கோரிக்கை சென்றது. நாங்கள் அனைவரும் கொலையாளிகளே என்று விடை வந்தது. போருக்கு முன்னர் அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களிடம் அபயக்கொடி ஒன்று கொடுக்கப்பட்டது. அதன் கீழ் வந்தவர்க்கு அபயம், கூஃபாவுக்குத் திரும்பியவர்க்கும் அபயம். ஃபர்வா இப்னு நவ்ஃபல் ஐந்நூறு பேரோடு விலகினார். மேலும் பலர் கலைந்தனர். நாலாயிரம் பேரில் இரண்டாயிரத்து எண்ணூறு பேர் எஞ்சினர். அவர்களில் மிகச் சிலரே உயிர்தப்பினர். காயமுற்றுக் கிடந்த நானூறு பேரை அவரவர் குலத்தாரிடம் ஒப்படைத்து மருத்துவம் பார்க்கச் செய்தார் கலீஃபா.

பேச்சுவார்த்தை தோற்றதா? பன்னிரண்டாயிரம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், போர்முனையில் எஞ்சியது நாலில் ஒரு பங்குக்கும் குறைவே. வாதத்தால் சிலர், உரிமைகளால் சிலர், அபயக்கொடியால் சிலர் என்று படிப்படியாகக் கரைந்தனர். ஆனால் எஞ்சியவர்களின் இரத்தம் கரையவில்லை. ஹிஜ்ரி 40 ரமளானில் (கி.பி. 661) அலீ (ரலி) அவர்களைக் கொன்ற இப்னு முல்ஜம் நஹ்ரவானுக்குப் பழிதீர்ப்பதாகவே சொன்னான். தமக்குப் பின் கவாரிஜ்களோடு போரிட வேண்டாம், சத்தியத்தைத் தேடித் தவறியவன் அசத்தியத்தைத் தேடி அடைந்தவனைப் போன்றவனல்லன் என்று அவர் அறிவுறுத்தியதாக நஹ்ஜுல் பலாகா கூறுகிறது. அவர்களின் வாளுக்கே இரையானவரின் அறிவுரை இது என்பதை நினைக்கும்போது நாம் சற்று நின்றுவிடுகிறோம்.

கவாரிஜ்கள் ஒரே முகம் கொண்டவர்கள் அல்லர். ஹிஜ்ரி 64 வாக்கில் அவர்கள் பல கிளைகளாகப் பிரிந்தனர். நாஃபிஃ இப்னுல் அஸ்ரக்கின் கூட்டத்தார் தம்மோடு சேராதவர் அனைவரையும், பெண்டிர் பிள்ளைகள் உட்பட, கொல்லத்தக்கவர் என்றனர். அவர்களோடு பேசுவதற்கு எதுவும் இருக்கவில்லை. முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ராவின் நீண்ட போர்களே முடிவு கட்டின. ஆனால் யமாமாவையும் பஹ்ரைனையும் ஆண்ட நஜ்தா இப்னு ஆமிர் வேறு வகை. போரில் பெண்கள் பங்கேற்றார்களா, அவர்களுக்குப் பங்கு உண்டா, எதிரியின் குழந்தைகளைக் கொல்லலாமா, அநாதை நிலை எப்போது முடிகிறது என்று கேட்டு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு அவர் மடல் எழுதியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறிவை மறைத்த குற்றம் நேருமே என்ற அச்சம் இல்லையெனில் இவனுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இப்னு அப்பாஸ் எழுதினார். நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளைக் கொன்றதில்லை, நீயும் கொல்லாதே என்பது அந்த விடையின் சாரம். ஹரூராவில் நடந்த வாதத்தைவிட இந்த மடல் நமக்குப் பெரிதாகப் படுகிறது. சபையினர் யாருமில்லை; வெற்றி தோல்வி இல்லை; ஒரு குழந்தையின் உயிர் மட்டுமே கேள்வியில் இருந்தது.

ஹிஜ்ரி 68ஆம் ஆண்டு ஹஜ்ஜில் அரஃபாவில் நான்கு கொடிகள் ஏறின. முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யா ஒருபுறம், இப்னு ஸுபைர் (ரலி) ஒருபுறம், பனூ உமய்யாக்கள் ஒருபுறம், நஜ்தாவின் கவாரிஜ்கள் ஒருபுறம். இரத்தம் சிந்தப்படுமோ என அஞ்சிய முஹம்மத் இப்னு ஜுபைர் ஒவ்வொரு கூடாரமாக ஏறி இறங்கினார். நஜ்தாவை அணுக இப்னு அப்பாஸின் பணியாளர் இக்ரிமாவின் துணை அவருக்குத் தேவைப்பட்டது. நானாக யார் மீதும் போர் தொடங்க மாட்டேன், தொடங்கியவரோடு போரிடுவேன் என்றார் நஜ்தா. அந்த ஹஜ் அமைதியாக நிறைவேறியது. யார் ஆட்சியாளர் என்ற கேள்வியை எவரும் தீர்க்கவில்லை; அதைத் தொடாமலேயே சில நாள்கள் அமைதி கிடைத்தது.

நஜ்தாவின் முடிவையும் சொல்ல வேண்டும். கலீஃபா அப்துல் மலிக் அவருக்கு யமாமாவின் ஆளுநர் பதவியும் பொதுமன்னிப்பும் தர முன்வந்து கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தையே அவருடைய தோழர்கள் குற்றமாக எடுத்துக்கொண்டனர். ஹிஜ்ரி 72 வாக்கில் சொந்த இயக்கத்தாரே அவரைக் கொன்றனர்.

அடுத்த தலைமுறையில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் குறுகிய ஆட்சியில் (கி.பி. 717–720) இன்னொரு முயற்சி நடந்தது. ஈராக்கின் ஜூகா பகுதியில் ஷவ்தப் எனப்பட்ட பிஸ்தாம் எண்பது குதிரைவீரரோடு கிளர்ந்தார். அவர்கள் இரத்தம் சிந்தாத வரை, குழப்பம் விளைவிக்காத வரை தொடாதீர்கள் என்று ஆளுநருக்கு ஆணையிட்ட கலீஃபா, பிஸ்தாமுக்கே நேரடியாக மடல் எழுதினார். அல்லாஹ்வுக்காகச் சினந்து புறப்பட்டதாகக் கேள்வியுற்றேன், அதற்கு என்னைவிட நீர் அதிக உரிமையுடையவர் அல்லர், வாரும், வாதிடுவோம், சத்தியம் எங்களிடமிருந்தால் மக்களோடு சேர்ந்துகொள்ளும், உம்மிடமிருந்தால் எங்கள் காரியத்தை நாங்கள் ஆராய்வோம் என்பது அதன் கருத்து. ஆட்சிபீடத்திலிருப்பவர் தோற்கவும் கூடும் என்ற வாய்ப்பைத் திறந்துவைத்த மடல் இது. பிஸ்தாம் இருவரை அனுப்பினார். ஒருவர் ஆஸிம் என்ற மவாலி, மற்றவர் பனூ யஷ்குர் குலத்தவர்.

உமையா முன்னோர்களின் அநீதிகளை நீர் திருத்துகிறீர், அப்படியானால் அவர்களைச் சபித்து விலகிக்கொள்ளும் என்பது தூதர்களின் கோரிக்கை. நீங்கள் கடைசியாக எப்போது ஃபிர்அவ்னைச் சபித்தீர்கள் என்று கேட்டார் கலீஃபா. நினைவில்லை என்றனர். ஃபிர்அவ்னையே சபிக்காதிருக்க உங்களுக்கு இடமுண்டெனில் என் வீட்டாரைச் சபிக்காதிருக்க எனக்கு இடமில்லையா? அபூபக்ர் (ரலி) சிறைப்பிடித்தவர்களை உமர் (ரலி) திருப்பி அனுப்பினாரே, ஒருவர் மற்றவரைவிட்டு விலகினாரா என்றும் கேட்டார். தூதர்களிடம் விடையில்லை. ஆனால் அவர்களிடம் இன்னொரு கேள்வி இருந்தது. உமக்குப் பின் யஸீத் இப்னு அப்துல் மலிக் ஆட்சிக்கு வருகிறாரே. ஒரு பொருளுக்குப் பொறுப்பாளரான நீர், நம்பத்தகாதவரிடம் அதை விட்டுச்செல்வது முறையா? கலீஃபா மூன்று நாள் அவகாசம் கேட்டார்.

நேர்மையான ஒரு கேள்வி எதிரியிடமிருந்து வந்தாலும் அது நேர்மையான கேள்விதான் என்று கருதிய மனிதர் கேட்ட அவகாசம் அது. வாரிசுரிமை பறிபோகுமென்று அஞ்சிய மர்வான் குடும்பத்தார் அவருக்கு நஞ்சூட்டியதாகச் சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நஞ்சோ நோயோ, ஹிஜ்ரி 101 ரஜபில் அவர் மறைந்தார். ஆஸிம் அவரிடமே தங்கி அங்கேயே இறந்திருந்தார். புதிய கலீஃபாவின் தயவை நாடிய கூஃபா ஆளுநர், பேச்சு முடியும் முன்னரே தாக்குதலுக்கு ஆணையிட்டார். பிஸ்தாம் பல படைகளை முறியடித்து, இறுதியில் பத்தாயிரம் பேர் கொண்ட படையால் தோழர்களோடு கொல்லப்பட்டார். இம்முறை வாக்கு முறித்தது அரசே. ஆயுதமேந்திய இயக்கங்களை நம்பமுடியாது என்று பேசுவோர் இந்த நிகழ்வை ஏனோ குறிப்பிடுவதில்லை.

கொலையை வெறுத்து ஒதுங்கிய கிளை ஒன்று மட்டும் நிலைத்தது. பஸ்ராவின் ஜாபிர் இப்னு ஸைத் போன்ற அறிஞர்களைச் சார்ந்து வளர்ந்த இபாளிகள் இன்றும் ஓமனில் வாழ்கின்றனர். கவாரிஜ் என்ற பெயரை அவர்கள் ஏற்பதில்லை. அந்த மறுப்பு மதிக்கத்தக்கது. 1913இல் ஓமனின் உட்பகுதியில் இபாளி இமாமத் மீண்டும் நிறுவப்பட்டு, மஸ்கத் ஸுல்தானுக்கு எதிராகப் போர் தொடங்கியது. 1915இல் மஸ்கத்தின் வாயில் வரை வந்த படையைப் பிரிட்டிஷ் இந்தியத் துருப்புகள் தடுத்தன. ஏழாண்டு இழுபறிக்குப் பின், 1920 செப்டம்பர் 25 அன்று ஸீப் என்ற கடலோர ஊரில் உடன்படிக்கை கையெழுத்தானது. இடைநின்றவர் பிரிட்டிஷ் அதிகாரி வின்கேட். இங்கும் ஒரு சொல்லே தடையாக நின்றது: இமாம். அந்தச் சொல்லை எழுதினால் ஓமனுக்கு இன்னோர் ஆட்சியாளர் உண்டென்று ஒப்புக்கொண்டதாகும். எனவே ஸுல்தானின் அரசும் ஓமன் மக்களும் என்றே எழுதப்பட்டது. உட்பகுதியினர் சார்பில் ஈஸா இப்னு ஸாலிஹ் அல்ஹாரிஸீ கையொப்பமிட்டார். மற்ற விதிகளோ அன்றாட வாழ்வைச் சார்ந்தவை. உட்பகுதியிலிருந்து கடற்கரைக்கு வரும் சரக்குக்கு வரி நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது. போக்குவரத்துக்குத் தடை கூடாது. குற்றவாளிகளுக்குப் புகலிடம் தரலாகாது. ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடலாகாது. பேரீச்சம்பழத்துக்கான வரிவிகிதத்தை எழுதிவைத்த இந்த உடன்படிக்கை, எண்ணெய் தேடுவோர் உட்பகுதிக்குள் நுழைய முற்பட்ட 1950களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

நம் காலத்து ஆஃப்கானிஸ்தானிலும் இதே காட்சிகள் வேறு உடைகளில் வந்தன. சமாதான மன்றத்தின் தலைவரும் முன்னாள் அதிபருமான புர்ஹானுத்தீன் ரப்பானீ, 2011 செப்டம்பர் 20 அன்று தூதராக நடித்து வந்தவன் தலைப்பாகையில் மறைத்திருந்த வெடிகுண்டால் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். ஹாரிஸ் இப்னு முர்ராவைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது. 2013 ஜூனில் தாலிபான்கள் கத்தாரின் தோஹாவில் அலுவலகம் திறந்தபோது, 'ஆஃப்கானிஸ்தான் இஸ்லாமிய அமீரகம்' என்ற பெயர்ப்பலகையை மாட்டிக் கொடியும் ஏற்றினர். அதிபர் கர்ஸாய் சினந்தார். பலகை அகற்றப்பட்டது, பேச்சும் நின்றுபோயிற்று. ஒரு பலகையின் விலை ஆண்டுக்கணக்கான போராக இருந்தது என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் அதுவும் ஒரு காரணமே.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் கையெழுத்தான உடன்படிக்கை இந்தச் சிக்கலை விநோதமாகத் தீர்த்தது. அமெரிக்கா ஒரு நாடாக அங்கீகரிக்காததும் தாலிபான் என அறியப்படுவதுமான ஆஃப்கானிஸ்தான் இஸ்லாமிய அமீரகம் என்ற நீண்ட தொடர் தலைப்பிலேயே இடம்பெற்று, ஆவணம் நெடுகிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அழிக்காமலும் ஏற்காமலும் ஒரு பெயரை எழுதும் கலையை ஸுஹைலும் அம்ரும் கண்டிருந்தால் வியந்திருப்பர். பதினான்கு மாதத்தில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும், ஐயாயிரம் வரையிலான கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும், ஆஃப்கானியருக்கிடையிலான பேச்சு மார்ச் 10இல் தொடங்க வேண்டும் என்று எழுதப்பட்டது. கைதிகளை வைத்திருந்ததோ காபூல் அரசு; அது உடன்படிக்கையில் ஒரு தரப்பாகவே இல்லை. கையொப்பமிடாதவரின் சிறைச்சாவியைக் கையொப்பமிட்டவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். ஹரூராவில் எழுத்தில்லாமை கேடாயிற்று; தோஹாவில் எழுத்து இருந்தது, எழுதப்படவேண்டியவர் இல்லை.

எதிர்த்தரப்பு அறவே மாறாதது என்பதல்ல இங்குள்ள படிப்பினை. அந்நியப் படைகள் மீதான தாக்குதல் அவ்வுடன்படிக்கைக்குப் பின் பெருமளவு நின்றது. எழுதப்பட்டது ஓரளவு காக்கப்பட்டது. காக்கப்படாதவை எழுதப்படாதவையே. ஆஃப்கானியருக்கிடையிலான பேச்சு ஆறு மாதம் தாமதித்து 2020 செப்டம்பர் 12 அன்று தொடங்கியபோது, குடியரசின் தரப்பில் வந்த இருபத்தொருவரில் நால்வர் பெண்கள். அதற்குள் காலக்கெடு பாதி கடந்திருந்தது. வெளியேறும் தேதி தெரிந்த பின் விட்டுக்கொடுக்க எதிர்த்தரப்புக்கு எந்தத் தேவையும் எஞ்சவில்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. அடுத்த மாதமே உயர்நிலைப் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களின் வாயிலும் பெண்களுக்கு அடைக்கப்பட்டது. 2025 ஜூலையில் ரஷ்யா அந்த அமீரகத்தை முதல் நாடாக அங்கீகரித்தது. தோஹா ஆவணத்தின் நீண்ட தொடரில் ஒருபாதி மாஸ்கோவைப் பொறுத்தவரை தேவையற்றதாயிற்று. அந்த ஆவணத்தை நாம் மீண்டும் முழுமையாக வாசித்துப் பார்த்தோம். நான்கு பகுதிகள், படைகள், கைதிகள், தடைகள், உறுதிமொழிகள் யாவும் உண்டு. பெண் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.